சுவரோரம் கிடந்த கற்கள்

போன கோடையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் புடலைப் பந்தல் போட்டிருந்தோம். காய் நேராக வளர ஒவ்வொரு பிஞ்சிலும் கல் கட்டிவிடுவேன். ஆபீஸிலிருந்து வந்ததும் காய்களை எண்ணி, தினசரி காலண்டரில் எழுதிவைப்பேன்.

சித்திரையில் கணக்கு உதைத்தது. நேற்று பதினொன்று, இன்று ஒன்பது. அவிழ்த்த கற்கள் இரண்டு, பக்கத்து வீட்டுச் சுவரோரம் கிடந்தன. அந்த வீட்டு அக்கா மீது சந்தேகம் விழுந்தது. ஒரு வாரம் அவர் சமையல் வாசனையை மோப்பம் பிடித்தேன். பிறகு பொறுக்க முடியாமல் சுவர் வழியே கேட்டேவிட்டேன்.

"எங்க வீட்டுப் புடலங்காய்க் கூட்டு ருசியா இருந்துச்சாக்கா?"

அவர் விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

பகலில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் கணவர்தான். விஷயம் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கே பத்தாத கிணத்துத் தண்ணி தோட்டத்துக்கு எப்படிப் பத்தும்? அக்காதான் அவங்க போர்லேர்ந்து டியூப் போட்டு விடுறாங்க. நான்தான் ரெண்டு காய் அறுத்துக் கொடுத்தேன்."

அப்போதே ஓடிப்போய், தினமும் காய் எண்ணும் கதையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் டியூப் வழக்கம்போல் சுவர் தாண்டி வந்தது.

இப்போதெல்லாம் அக்காவுக்குக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தை எண்ணுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும், கை நீட்டுவதற்கு முன் அவர் கேட்கிறார்:

"எண்ணிட்டியாம்மா?"