ஏழாம் நம்பர் அறைக்கு ஒரு விதி

எங்கள் ஊர் லாட்ஜ்காரர்களிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் யோசிப்பார்கள். மலை சுற்றக் கூட்டம் வரும் பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இது தெரிந்தும் நான் தேதியை நம்பி ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன் பாருங்கள், அந்தக் கதைதான் இது.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி. கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ஆதார் அட்டைக்கு ரெண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் போனில் பாடம் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் டேட்டாபேஸ். கற்றுக்கொண்டதை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே என்று பார்த்தேன். எதிர்வரிசையில் பதினெட்டு அறை லாட்ஜ் ஒன்று இருந்தது. அதன் மேனேஜர் அண்ணன் மாதாமாதம் என் கடைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து நகல் எடுத்துப் போவார். பதினெட்டு வரிசை, நெடுக மணிக் கட்டங்கள். அவ்வளவுதான் அந்தத் தாள்; நகல்களைச் சேர்த்துத் தைத்ததுதான் அவருடைய பதிவு நோட்டு. அதை நகல் எடுத்தேனே தவிர, ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை.

“நோட்டு வேணாம் அண்ணா, நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்” என்றேன். அவர் ஒத்துக்கொண்டார். ஒரே அறையை ஒரே நாளில் ரெண்டு பேருக்குக் கொடுக்கக் கூடாது இல்லையா? அதனால் அறை எண்ணும் வரும் தேதியும் சேர்ந்து ஒரு தடவைதான் வரலாம் என்று டேபிளிலேயே, அதாவது பதிவுகள் ஏறும் அட்டவணையிலேயே, ஒரு விதி போட்டேன். மீறிப் போட்டால் டேட்டாபேஸே வாங்காது. போட்டுப் பார்த்தேன், வாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு மலையையே ஒரு சுற்று சுற்றி வந்திருப்பேன்.

வந்தது பௌர்ணமி. திதி செவ்வாய் சாயங்காலம் ஆரம்பித்து புதன் சாயங்காலம் முடிகிறது. ஏழாம் நம்பர் அறைக்கு ஒரு குடும்பம் செவ்வாய் ஆறு மணிக்கு வந்தது. எங்கள் ஊரில் உள்ளே வந்த மணியிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் கணக்கு, ஆக புதன் ஆறு மணி வரை அறை அவர்களுடையது. இன்னொரு குடும்பம் அதே அறைக்கு புதன் காலை ஒன்பது மணிக்குப் பதிவு செய்திருந்தது. செவ்வாய் ஒரு தேதி, புதன் வேறு தேதி. என் விதி இரண்டையும் கும்பிட்டு உள்ளே விட்டுவிட்டது.

புதன் காலை நான் அங்கே போனபோது, ஆபீஸ் நாற்காலியில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மடியில் ஆளுக்கொரு குழந்தை. இரட்டைப் பிள்ளைகள். பிள்ளை வரம் கிடைத்தால் கட்டும் கரும்புத் தொட்டில் வேண்டுதலுக்காக விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். சுவரோரம் கரும்பு சாத்தியிருந்தது. ஏழாம் அறைக்காரர்களோ விடிய விடிய மலை சுற்றிவிட்டு வந்து தூங்குகிறார்கள். நடந்துவிட்டு வந்து படுத்தவர்களை எழுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அண்ணன் தன் சொந்த அறையைத் திறந்துவிட்டார். ஆனால் ஒரு குழந்தைக்குப் பிரயாண அலைச்சலில் உடம்பு சுட ஆரம்பித்தது. அந்தப் பெண் கோபப்படவே இல்லை. “பரவால்லண்ணா, அடுத்த பௌர்ணமிக்கு வந்து கட்டிக்கறோம். இதே ரூம் குடுங்க, குழாய் பக்கத்துல இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அவர்கள் போனதும் அண்ணன் என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி. அந்தப் பொண்ணு வந்து நிக்கறப்ப ரூம் இல்லன்னா, உன் பொட்டிய நீ எடுத்துக்க. நான் நோட்டுக்கே போயிடறேன்.”

கையோடு பழைய நோட்டை மேஜைமேல் எடுத்து வைத்தார். முதன்முறையாக அதைப் புரட்டினேன். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரிசை. ஆள் வரும் மணியிலிருந்து போகும் மணி வரை ஸ்கேல் வைத்து ஒரே கோடு. இன்னொருவருக்குக் கோடு இழுக்கும்போது முன்னால் இழுத்த கோடு குறுக்கே வந்தால் கை தானாக நின்றுவிடும். அதில் நாளுக்கு நாள் வெட்டு கிடையாது, நேரம் ஒரே ஓட்டமாக ஓடும். இத்தனை மாதமாக நான் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கு வேண்டிய விடையைத்தான்.

“கோடு மேல கோடு ஏறாது, அதான் விஷயம்” என்றார் அண்ணன், ரொம்பச் சாதாரணமாக.

அன்று கடைக்கு வந்து தேட ஆரம்பித்தேன். கிடைத்தபோது சிரித்தே விட்டேன். நான் வைத்திருந்த டேட்டாபேஸிலேயே அது இருக்கிறது. வரும் நேரம், போகும் நேரம் என்று தனித்தனியாக வைக்காமல், இரண்டையும் சேர்த்து ஒரே நீளமாக ஒரு கட்டத்தில் வைக்கலாம். ஒரே அறையில் இப்படி இரண்டு நீளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்று ஒரே வரியில் விதி எழுதலாம். ஒருவர் ஆறு மணிக்குப் போய், இன்னொருவர் ஆறு மணிக்கு வந்தால்? முனையும் முனையும் தொட்டுக்கொள்ளலாம், ஏறத்தான் கூடாது. யாரோ எங்கோ உட்கார்ந்து எங்கள் அண்ணனின் ஸ்கேலை அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அறை கூட்டும் அக்கா வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவன் ஆறு மணிக்குப் போவான், இவன் ஆறு மணிக்கு வருவான். நான் எப்ப பெருக்கறது, பறந்துகிட்டேவா?”

அக்கா சொன்னதற்கு அப்பீல் ஏது? ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் அக்காவுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அண்ணன் ஆபீஸில் பதிவு போடுவார். அதே நேரம் அண்ணி வீட்டில் போனில் போடுவார். திரையில் மட்டும் சோதனை வைத்தால், இருவரும் ஒரே நொடியில் அமுக்கும்போது இரண்டு திரையும் ‘அறை காலி’ என்றுதான் சொல்லும். விதி டேபிளிலேயே இருந்தால் எந்த வாசல் வழியாக யார் வந்தாலும் ஒரே காவல். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒன்று ரெண்டு மூணு சொல்லி ஒரே அறைக்கு அமுக்கச் சொன்னேன். அண்ணிக்கு அறை கிடைத்தது. அண்ணனுக்கு, நான் எழுதி வைத்திருந்த வரி வந்தது: ‘கோடு மேல கோடு ஏறுது அண்ணா.’ அண்ணி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

விழுப்புரத்துக் குடும்பத்துக்கு அடுத்த பௌர்ணமியன்று காலை பத்து மணி முதல் ஏழாம் அறை என்று முதல் ஆளாகப் பதிவு செய்தோம். எல்லா அறையும் நிரம்பியது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் போனில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“என் மச்சான் குடும்பத்தோட வரான்மா. ஏழாம் நம்பர்ல மத்தியானம் ரெண்டு மணிக்குப் போடறேன், வாங்க மாட்டேங்குது.”

“அது அந்தப் புள்ளைங்களோட ரூம் அண்ணா.”

“தெரியும்மா. அவங்க தொட்டில் கட்ட கோயிலுக்குப் போயிருவாங்க, சாயந்திரம் மலை சுத்தப் போயிருவாங்க. ரூம் சும்மாதான கிடக்கும். நோட்டா இருந்தா பென்சில்ல லேசா ஒரு கோடு போட்டு சமாளிச்சிருப்பேன்.”

அப்போதுதான் தெரிந்தது, ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலும் இருந்திருக்கிறது. அந்த விதியை எடுத்துவிட எனக்கு ஒரு வரி போதும். எடுக்காவிட்டால் அண்ணன் நோட்டுக்குப் போய்விடுவார். எடுத்தால் அந்தப் பெண் மறுபடியும் நாற்காலியில் உட்காருவாள்.

“நான் எடுக்க மாட்டேன் அண்ணா” என்றேன். “வேணும்னா நோட்டுக்குப் போயிடுங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். அந்த மூன்று நாளும் எதிர்வரிசைப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை.

பௌர்ணமி காலை பத்து மணிக்கு மனசு கேட்காமல் போனேன். கூட்டும் அக்கா ஏழாம் அறையிலிருந்து ஈரத் துடைப்பத்தோடு வெளியே வந்தார். அண்ணன் சாவியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். இரட்டையரில் ஒருவன் சாவி வளையத்தைப் பிடித்து இழுத்தான். கரும்பு இந்த முறை சுவரில் சாயவில்லை, நேராக அறைக்குள் போனது.

“மச்சான்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“மத்தியானம் வரட்டும், எங்க வீட்டுக் கூடத்துல பாய் போட்டாச்சு” என்றார் அண்ணன். முகம் முழுக்கச் சிரிப்பு. “இத்தன வருஷமா சொந்தக்காரங்களுக்கு ‘இல்ல’னு சொல்ல எனக்கு வாய் வந்ததில்லம்மா. போன்ல ‘பொட்டி ஒத்துக்கலடா’ன்னேன். பொட்டிய ரெண்டு திட்டு திட்டிட்டு அடங்கிட்டான்.”

ஒரு வாரம் கழித்து மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் என் கடைக்கு வந்தார். நகல் எடுக்க என்று நினைத்துக் கை நீட்டினேன். அவர் கையில் தாள் எதுவும் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சொந்தக்காரங்கள வேணாம்னு சொல்ற சாஃப்ட்வேர் நீங்கதான் போடறீங்களாமே?”