இந்த ஆட்டத்துக்கு உட்கார்றேன்

ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் சட்டைக்காரர்கள் என்று ஊர் சொன்ன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. சனிக்கிழமை சாயங்காலம் அவர்களுடைய மன்றமான இன்ஸ்டிட்யூட்டின் கூடத்தில் நடனம் நடக்கும். ஆம்பூர் தோல் கிடங்கில் கணக்கெழுதிய என் அப்பா என்னைப் பாசஞ்சரில் அழைத்துப் போவார். மிஷன் பள்ளியில் பியானோ கற்றிருந்த நான் அங்கே வாசித்தேன். "வாசிக்கத்தான் போற, ஆட இல்ல" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துகொள்வார்.

அந்தக் கூடத்தின் பேச்சை எனக்குப் புரியவைத்தவள் தந்தி குமாஸ்தாவின் மகள். என் வயதுதான். ஆண் 'லீட்' பண்ணுவான், பெண் 'ஃபாலோ' பண்ணுவாள் என்றாள்.

"அவன் சொல்லாமலே எந்தப் பக்கம் திரும்பணும்னு எப்படித் தெரியும்?"

"முதுகுல கை இருக்குதில்ல, அது சொல்லும். நீ யோசிச்சா கெட்டுது."

ஒருவன் வந்து கேட்டு, பெண் மாட்டேன் என்றால், அந்தப் பாட்டு முடியும்வரை வேறு யாரோடும் அவள் எழுந்திருக்கக் கூடாது. 'இந்த ஆட்டத்துக்கு உட்கார்றேன்' என்பது மரியாதையாக மறுக்கும் வார்த்தை. அவள் அதைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக இருந்த ஒருவரோடுதான் பெரும்பாலும் ஆடுவாள். இருவருக்கும் கல்யாணம் என்று காலனி முழுக்கத் தெரியும். ஸ்விங் ரெக்கார்டுகள் வர ஆரம்பித்த சமயம். அதன் குதிப்பும் சுழற்சியும் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இவர்கள் இருவரும் ஆடினால் மற்றவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஷெட்டில் நகர்ந்த வண்டிக்கு அடியில் அவர் கால் மாட்டியது. வேலூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட கோட்டு. கால்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. பியானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளும் அருகில் உட்கார்ந்தாள். பையன்கள் வந்து கேட்கக் கேட்க, "இந்த ஆட்டத்துக்கு உட்கார்றேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போய் ஆடு. எனக்காக உக்காராத" என்றார் அவர்.

"எனக்குக் கால் வலிக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. என் விரல்கள் ஓர் இடத்தில் தப்பின. அவர் லேசாகச் சிரித்தார்.

"எனக்கும்தான் வலிக்குது. இல்லாத கால்தான் ஜாஸ்தி வலிக்குது."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவள் மட்டும் வந்து, கேட்டவர்கள் எல்லோரோடும் ஆடினாள். காலனிப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். ஆடாவிட்டால் இனி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவர்தான் சொல்லியிருந்தார். ஆடிய பிறகும் அவர் அவளைப் பார்க்க வரவில்லை. அவள் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா வாசலிலேயே நிறுத்தி, "அவன் தூங்கறான்மா" என்றாளாம். உள்ளே அவர் இருமியது இவளுக்குக் கேட்டிருக்கிறது.

போத்தனூரில் ரயில் கார்டாக இருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். புறப்படுவதற்கு முன்னால் ஒரு மதியம், நான் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து கிராமபோனுக்குச் சாவி கொடுத்தாள்.

"எழுந்திரு. நான் லீட் பண்றேன்."

"எனக்குத் தெரியாதே."

"தெரிய வேணாம்."

என் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். மெல்ல அழுத்தினால் நான் போனேன், விட்டால் நின்றேன். சேலை தடுக்கியும் விழவில்லை.

"அவரு இப்படித்தான் வைப்பாரு. சுண்டுவிரல் மட்டும் ஒட்டாது" என்றாள். அப்புறம் அவள் முகம் என் தோளில் விழுந்தது. ரெக்கார்டு முடிந்து ஊசி உரசிக்கொண்டிருந்தது. இருவருமே போய் எடுக்கவில்லை.

அவள் ரயிலேறிய அன்று வழியனுப்பப் போயிருந்தேன். அவருக்கு அந்த ஸ்டேஷனிலேயே சிக்னல் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் ஊற்றும் விளக்கு அறையில் வேலை கொடுத்திருந்தார்கள். வண்டி நின்ற நேரம் முழுக்க அவள் அந்தக் கதவையே பார்த்தாள். அது பாதி சாத்தியே இருந்தது.

வண்டி போனதும் நான் உள்ளே போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமாக ஏதோ கேட்கத்தான் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஜன்னல் பக்கம் எடம் கெடச்சுதா அவளுக்கு?"

"கெடச்சுதுங்க" என்றேன்.

அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.