இடது கணுக்காலுக்கு ஒரு பூட்

அஜ்மல் பனியில் வேலை பார்க்கிறவன் என்று சொன்னால் திருவண்ணாமலையில் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள்ளே, இயந்திரங்களை ஓட்டி உண்டாக்கிய பனிச்சரிவு அது. வெளியே மணல் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஜனங்கள் ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் மாட்டிக்கொண்டு சறுக்குவார்கள். அவர்களுக்கு வாடகை பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில்தான் அஜ்மல் சேர்ந்தான். கூட்டமில்லாத நேரங்களில் தானும் மேலே ஏறினான். விழுந்து, எழுந்து, சில வருஷங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச் ஆகிவிட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது அதீபாவின் வீட்டாரிடம் அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

போன விடுப்பில் வந்திருந்தபோது, அவலூர்பேட்டை ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் பைக் சறுக்கிவிட்டது. பைக்குக்கு அடியில் இடது கணுக்கால். இரண்டு பக்கமும் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சிந்துஜாவிடம் போய்க்கொண்டிருந்தான்.

"நடக்குறீங்க, மாடி ஏறுறீங்க. ஆனா முட்டிய முன்னால கொண்டு போனா குதிகால் தூக்கிடுது பாருங்க" என்றாள் அவள். "கணுக்கால் இவ்ளோதான் மடங்குது. இதுக்கு மேல வருமானு என்னால சொல்ல முடியலங்க."

"பூட்ஸ் போட்டா தாங்குமா மேடம்?"

போனில் படத்தைக் காட்டினான். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இறுக்கமாத்தான் புடிக்கும் போல. ஆனா அது புடிக்கிற எடத்துலதானே உங்க பிளேட் இருக்கு?"

அவன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேலை செய்த இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள்: பூட்ஸ் மாட்டி, முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து, அடிபட்ட காலில் குதித்து வீடியோ அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நல்ல பூட் ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று அவன் நம்பினான். எத்தனை விதமான கால்களுக்குப் பூட் தேடிக் கொடுத்திருக்கிறான்! தட்டைப் பாதம், அகலப் பாதம், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமான பாதம். எல்லோரையும் சிரித்த முகத்தோடு அனுப்பியிருக்கிறான்.

அங்கேயே இயந்திரம் ஓட்டுகிற சுரேஷ்குமார், கீழ்பென்னாத்தூர்க்காரன், விடுப்பில் வந்தபோது அஜ்மல் கேட்டபடி இரண்டு ஜோடி கொண்டுவந்தான். ஒன்று இளக்கமானது, ஒன்று கெட்டியானது. வேங்கிக்காலில் இருந்த அஜ்மலின் வீட்டுக்குள் மத்தியானம் அனல் அடித்தது. ஃபேன் சுற்ற, கட்டிலில் உட்கார்ந்து கனத்த கம்பளி சாக்ஸை இழுத்து மாட்டினான் அஜ்மல்.

இளக்கமானதுதான் முதலில். ஸ்குரூ இருக்கும் இடத்தில் வலியே இல்லை. "மெத்துனு இருக்குடா" என்று சிரித்தான். முட்டியை மடக்கியதும் கணுக்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. பூட்ஸுக்குள்ளேயே குதிகால் எழும்பியது. குதித்தபோது பாதம் புரண்டு, பீரோவைப் பிடித்துக்கொண்டான்.

கெட்டியான பூட் காலைத் தூண் மாதிரி நிறுத்தியது. ஆனால் லேஸை இழுக்க இழுக்க ஸ்குரூவின் தலைகள் தோலைத் துளைப்பதுபோல் இருந்தது. பழைய தலையணையிலிருந்து ஸ்பாஞ்ச் வெட்டிக் கொடுத்தாள் அதீபா. அதை வளையமாக்கி வலிக்கிற இடத்தைச் சுற்றி வைத்து, மறுபடியும் இறுக்கினான்.

"எப்படிடா இருக்கு?"

"நிக்குது. நீ வீடியோ எடு."

இரண்டு தடவை தடுமாறினான். அதற்கடுத்த முறை குதித்து ஆடாமல் நின்றுவிட்டான். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"சூப்பர் மச்சான்! அடிபட்ட காலுன்னே தெரியல. அனுப்பிடவா?"

அஜ்மல் போனை வாங்கிப் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். கணுக்கால் மடங்கவே இல்லை. அதற்குப் பதிலாக இடுப்பு மடங்கியிருந்தது. அவசரமாகப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. புதிதாகக் கற்கும் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவன்தான் பின்பக்கமாகச் சரிவில் இறங்க வேண்டும். கணுக்காலை மடக்கி, விரல்களை அழுத்தி, இருவரின் பாரத்தையும் நிறுத்த வேண்டும். இந்தக் கால் நிறுத்தாது.

"அனுப்பாதடா."

"பைத்தியமா உனக்கு? மொதல்ல வந்து சேரு. அங்க வந்து பாத்துக்கலாம்."

"பாத்துக்க முடியாதுடா. நான் விழுந்தா புள்ளையும் சேந்து விழும்."

கதவருகில் நின்ற அதீபா மெல்லக் கேட்டாள். "அனுப்பினா என்னங்க? அவங்களே பாத்து முடிவு பண்ணட்டுமே?"

அவன் குனிந்து லேஸை அவிழ்த்தான். பூட் வரவில்லை. சுரேஷ்குமார் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சாக்ஸைக் கழற்றியபோது தழும்பின் ஓரம் கிழிந்து ஸ்பாஞ்சில் ரத்தம் ஊறியிருந்தது. அதீபா அதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் அவனே மேலாளருக்குப் போன் செய்து கால் மடங்கவில்லை என்று சொன்னான். பழையபடி கவுண்டரிலாவது இடம் உண்டா என்று கேட்டான். அங்கே ஆள் எடுத்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு அந்த மனிதர் நன்றி சொன்னார். அந்த நன்றிதான் அவனை ரொம்ப நாள் அறுத்தது.

சுரேஷ்குமார் இரண்டு ஜோடியையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அஜ்மல் இப்போது மச்சினன் ஜானி பாஷாவின் செல்போன் கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கிறான். சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். செருப்பின் வாரைக் கழற்றிவிட்டுக் காலை ஸ்டூலின் அடிக்கம்பியில் வைத்துக்கொள்வான்.

தெரிந்தவர்கள் வந்தால், "எப்ப பாய் கிளம்புறீங்க?" என்று கேட்பார்கள்.

"அடுத்த மாசம்" என்பான்.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருநாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதீபாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டுத் திரும்பியவள், வாசலில் நின்ற அவனைப் பார்த்தாள். அவன் செருப்பின் வாரைக் கழற்றும்வரை நின்றாள்; பிறகு இருவரும் உள்ளே போனார்கள்.