கேள்வி முப்பத்தொன்றும் இரண்டு மூட்டைப் புளியும்

முதியவர்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்களா என்று விசாரிக்கிற தொழிலில், நாம் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்ற கேள்வி நமக்கு வந்துவிடும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத வாசல்களில் நின்றவர்களே, கணக்கெடுக்கப் போய் நாய்க்குப் பயந்து ஓடி வந்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

எனக்கு இந்த வேலை வந்ததே தண்டனையாகத்தான். பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பள்ளிக்கூட மைக்கைப் பிடித்து, தலைமையாசிரியை குரலில், "நாளை முதல் ஆசிரியர்கள் அனைவருக்கும் மாணவர்கள் பரீட்சை வைப்பார்கள்" என்று அறிவித்தேன். இரண்டு ஆசிரியர்கள் எந்த ஹாலில் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். தலைமையாசிரியை என்னைத் திட்டவில்லை. தன் தோழி செல்வி மேடத்திடம் அனுப்பி வைத்தார்.

செல்வி மேடம் தர்மபுரியில் ஓர் அறக்கட்டளையில் இருக்கிறார். அவர்கள் நடத்தும் முதியோர் இல்லங்களில் கவனிப்பு எப்படி என்று போய்ப் பார்த்து மார்க் போட லீவில் இருக்கும் பிள்ளைகளை எடுக்கிறார்கள். போனிலேயே படிவம், நாற்பது கேள்வி. எனக்குக் கிடைத்தது கடத்தூர் பக்கம் ஒரு சின்ன இல்லம். இருபத்தாறு பேர். தேறவில்லை என்றால் அதை மூடிவிட்டு எல்லோரையும் சேலத்தில் உள்ள பெரிய இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். "வெளையாட்டு இல்லடி ஜெனி" என்றார் மேடம். நான் பயபக்தியோடு தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

நாலு ஊர், ஒரு சேவல்

முதல் வேலை போன். புதிதாக ஒருவர் விசாரித்தால் இல்லத்தில் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேடம் ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். நான் ஒரே காலையில் எங்கள் வீட்டில் இருந்த நாலு போனிலிருந்தும் நாலு ஆளாகக் கூப்பிட்டேன். முதலில், "ஆக்சுவலா எங்க மதருக்கு..." என்று இழுக்கிற பெங்களூர் மகன். அடுத்து, வார்த்தைக்கு வார்த்தை செருமுகிற அரூர் மண்டிக்காரர். மூன்றாவது, மாமியாரைப் பற்றிப் பத்து நிமிஷம் புலம்புகிற மருமகள். நாலாவது, எதையும் மூன்று தடவை சொன்னால்தான் காதில் விழுகிற பெரியவர்.

எடுத்தது வார்டன் சரோஜா அக்கா. நாலு பேருக்கும் அதே நிதானம், அதே பதில். காது கேட்காதவருக்கு மூன்று தடவையும் சலிக்காமல் சொன்னார். நான் போனை வைக்கப் போகும்போது அதே மெல்லிய குரலில் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. காலைல இருந்து பெங்களூர்ல இருந்து ஒருத்தர், அரூர்ல இருந்து ஒருத்தர், ஒரு அம்மா, இப்ப நீங்க. நாலு பேர் வூட்லயும் ஒரே சேவல் கூவுதே, அது எப்பிடிங்க?"

பத்தரை மணி வயிறு

ஒன்பதாம் கேள்வி: காலை உணவு எட்டு மணிக்குள் வழங்கப்படுகிறதா? நேரில் போன முதல் நாள் ஏழே முக்காலுக்கே சமையலறை வாசலில் நின்றுவிட்டேன். எட்டு மணிக்கு டீயும் பொறையும் வந்தது. அவ்வளவுதான். ஒன்பதானது, பத்தானது. அடுப்பில் அப்போதுதான் கேழ்வரகு மாவு கொதித்துக்கொண்டிருந்தது. பத்தரைக்குச் சுடச்சுடக் களியும் கீரைக் கடைசலும் தட்டில் விழுந்தன. சமையல்காரர் மாது அண்ணன் யாருக்கு எவ்வளவு என்று கேட்கவே இல்லை. ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வோர் அளவு. பல் இல்லாதவர்களுக்குத் தளர்த்தி, சர்க்கரைக்காரர்களுக்குச் சின்னதாக.

நான் போனை நீட்டி, எட்டு மணிக்குள் போட வேண்டும் என்று இதில் இருக்கிறதே என்றேன். மாது அண்ணன், தட்டோடு உட்கார்ந்திருந்த முனியம்மா ஆயாவைக் கை காட்டினார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். ஒற்றை நாடி உடம்பு, குரல் மட்டும் மேட்டுக்காட்டைத் தாண்டிக் கேட்கும். ஆயா களியைக் கடைசலில் புரட்டி விழுங்கிவிட்டுச் சொன்னது: "அம்பது வருசம் விடியறதுக்கு முன்ன காட்டுக்குப் போயி, களை வெட்டிட்டு வந்து பத்தரைக்குத்தான் தின்னோம். வயித்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது கண்ணு."

கட்டில் எண் பதினான்கு

பதினேழாம் கேள்வி: உதவி கேட்டு அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள்? இதை யாரிடமும் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, நாமே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. (தோழர்களே, இப்படித் தோன்றும்போது எழுந்து போய் முகம் கழுவிக்கொள்ளுங்கள்.) ஆண்கள் ஹாலில் பதினான்காவது கட்டில் காலியாக இருந்தது. போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்குகிற தாத்தா குரலில், "அம்மா... யாராச்சும் வாங்களேன்..." என்று முனகினேன்.

பக்கத்துக் கட்டில் கோவிந்தன் தாத்தா, பஸ் கண்டக்டராக இருந்தவர், உடனே விசிலை எடுத்து ஊதிவிட்டார். நான் பத்து எண்ணுவதற்குள் மாது அண்ணன் களி கிண்டுகிற துடுப்போடு ஓடி வந்தார். துடுப்பிலிருந்து களி என் போர்வை மேல் சொட்டியது. பின்னாலேயே நர்ஸ், அவர் பின்னால் ஒரு காலில் மட்டும் செருப்போடு சரோஜா அக்கா. போர்வையை விலக்கினார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பயத்தில் அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இந்த ஓட்டத்துல உன்னைத் திட்டக் கூடாது. மொதல்ல மோர் குடி, அப்பறமா ஆபீஸ் ரூமுக்கு வா, திட்டறேன்."

பதினொரு மணி மாத்திரை

திட்டு வாங்கிய பிறகும் அடங்கினேனா? இல்லை. அந்த ஆபீஸ் ரூமில்தான் மைக் இருந்தது. இரண்டு நாள் கழித்து, அக்கா வெளியே போன நேரம் பார்த்து, அவர் குரலில், "எல்லாரும் மாத்திரைக்கு வாங்க" என்று கூப்பிட்டேன். காலை மாத்திரை போட்டு முடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். விளையாட்டு எங்கே போய் நிற்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் நர்ஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. நோட்டைத்தான் திறந்தார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மணி, கையெழுத்து, விழுங்கியதைப் பார்த்ததற்கு ஒரு புள்ளி. வார்டன் குரலே சொன்னாலும் நோட்டு சொல்லாமல் அந்தப் பெட்டி திறக்காது.

நான் ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு முழு மார்க் போட்டேன், வெட்கத்தோடு. வரிசையில் முதல் ஆளாக நின்ற கோவிந்தன் தாத்தா திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எல்லாம் எறங்கிப் போங்க, கிழிச்ச டிக்கெட்டை மறுபடி கிழிக்க மாட்டாங்களாம்!"

ஆம், இல்லை

மத்தியானம் மூன்று மணி ஆனால் புங்க மரத்தடியில் டக் டக் என்று சத்தம் கேட்கும். பக்கத்துத் தோட்டக்காரர் புளியை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். எட்டு ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்து, கல்லில் வைத்துச் சின்ன இரும்பால் தட்டிக் கொட்டையை எடுப்பார்கள். முனியம்மா ஆயாதான் மேஸ்திரி. "ஏய் லச்சுமி, பேச்சு எளச்சாலும் கை எளைக்கக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே இருக்கும்.

முப்பத்தொன்றாம் கேள்வி: இல்லத்தில் வசிப்பவர்களிடம் வேலை வாங்கப்படுகிறதா? ஆம், இல்லை. நான் மரத்தடியைப் பார்த்தேன். வேலை நடக்கிறது. ஆயா வாங்குகிறது. "ஆம்" என்று தட்டி, நாற்பதையும் முடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் செல்வி மேடத்திடமிருந்து போன். வயதானவர்களை மிரட்டி வேலை வாங்குகிற இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வியாம். அதற்கு ஆம் என்று வந்தால் மற்ற முப்பத்தொன்பதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். தலைமை அலுவலகத்தில் சேலத்துக்கு மாற்றும் பேச்சே ஆரம்பித்தாகிவிட்டது. நான் தப்பாகப் போட்டுவிட்டேன், மாற்றிவிடுங்கள் மேடம் என்றேன். அனுப்பினதை மாற்ற முடியாது, ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்தால்தான் உண்டு, வரச் சொல்லிக் கேட்கிறேன் என்றவர், போனை வைக்கும் முன் சொன்னார்: "ஒரே ஒரு விரலால இருபத்தாறு கட்டிலை நகர்த்திட்டியேடி."

சொந்தக் குரல்

ஒளிக்காமல் சொல்கிறேன். மேடம் குரலில் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பர் வரைக்கும் போட்டுவிட்டேன். அந்தக் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். மாட்டினால் மேடத்தின் வேலை போகும் என்று நினைத்ததும் விரல் நின்றுவிட்டது. பஸ் ஏறி இல்லத்துக்குப் போனேன்.

புங்க மரத்தடியில் போய் நின்று, நான் என்ன எழுதினேன், அதனால் என்ன ஆகப் போகிறது, பார்க்க ஓர் அதிகாரி வரலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய குரலும் இல்லாமல் பேசினால் என் குரல் இவ்வளவு சின்னதாக இருக்குமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. சேலம் என்றதும் லச்சுமி ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அரூரிலிருந்து வாரா வாரம் வரும் அவர் மகள் அவ்வளவு தூரம் வர மாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாராவது என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முனியம்மா ஆயா கையில் இருந்த புளியை முடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தது. "அழுவாத. அந்த சாரை வரச் சொல்லு. இன்னும் ரெண்டு மூட்டை பாக்கி கிடக்குது."

கேரம் போர்டு

அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, கண்டிப்பானவர். சரோஜா அக்காவை வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். எல்லோரும் நாங்களாகத்தான் செய்கிறோம் என்றார்கள். "சொல்லிக் கொடுத்திருந்தாலும் இப்பிடித்தான் சொல்வாங்க" என்று என்னிடம் சொன்னார். அதுவும் நியாயம்தான். ஆகவே ஓர் ஏற்பாடு செய்தார். இன்றைக்குப் புளி கிடையாது. மூட்டைகள் தோட்டக்காரர் கொட்டகைக்குத் திரும்பிப் போயின. பதிலுக்குக் காரில் கொண்டுவந்த கேரம் போர்டையும் வர்ணம் தீட்டும் புத்தகங்களையும் ஹாலில் பரப்பினார். மூன்று மணிக்குப் புளி தட்டுகிற ஒன்பது பேரும் அடக்கமாக உட்கார்ந்தார்கள். கோவிந்தன் தாத்தா ஒரு மயிலுக்குப் பச்சை அடித்தார். சார் திருப்தியாக ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

மூன்றரைக்கு வந்து பார்த்தால் ஹாலில் மயில் மட்டும் இருந்தது. ஒன்பது பேரைக் காணோம். சார் முகம் வெளுத்துவிட்டது. மாது அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்களாம், சாருக்கு டீ போடுகிற அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டாராம். எல்லோரும் ஓடினோம். தோட்டக்காரர் கொட்டகையிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. ஒன்பது பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸும் கூடவே போய்த் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா உங்களை இங்க வரச் சொன்னது?" என்றார் சார், மூச்சு வாங்க.

"ஏஞ்சாமி, மூட்டைய நீங்கதான இங்க அனுப்புனீங்க?" என்றது ஆயா. பிறகு நகர்ந்து இடம் விட்டு, ஒரு கல்லையும் இரும்பையும் அவர் பக்கம் தள்ளியது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அவர் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அரை மணி நேரம் தட்டினார். நடுவில் இரண்டு பேர் கை வலிக்கிறது என்று எழுந்து போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சார் அதையும் கவனித்தார். போனை எடுத்து முப்பத்தொன்றாம் கேள்விக்கு நேரே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: வேலை வாங்கப்படுகிறதா, இல்லை. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. இல்லம் இங்கேயே தொடரலாம்.

சரோஜா அக்கா கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதேன். சார் எங்களைச் சமாதானப்படுத்த எழுந்தார். ஆயா அவர் பக்கத்துக் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது: "சார், அழுவறவங்க அழுவட்டும், நீங்க இப்பிடி வாங்க. நீங்க தட்டுனதுல பாதிக்குக் கொட்டை உள்ளயே இருக்குது."

இல்லம் அங்கேயேதான் இருக்கிறது. காலை உணவுக்கு மட்டும் ஒரு மார்க் குறைந்தது, பத்தரை மணிக் களி நிற்கவில்லை. நான் செய்த காரியத்துக்கு அங்கே ஒருவர்கூட இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. போனால் நகர்ந்து இடம் விடுகிறார்கள், கேட்காமலே ஒரு களி உருண்டையும் என் தட்டில் விழுகிறது. இருபத்தாறு பேருக்கும் வார்டனுக்கும் சமையல்காரருக்கும் நர்ஸுக்கும் நன்றி சொல்ல இத்தனை குரல்களில் எதை எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நல்ல இல்லம் எது என்று கண்டுபிடிக்க நாற்பது கேள்வியெல்லாம் வேண்டாம், குறை எழுதப் போனவள் திரும்பி வரும்போது எத்தனை கிலோ ஏறியிருக்கிறாள் என்று எடை மெஷினில் நிறுத்திப் பார்த்தால் போதும்.