சங்கிலி ஜெபத்தில் நான் வாய் திறந்த நாள்

எங்கள் சபைப் பெண்கள் புதன்கிழமை பின்னேரங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். நாவற்குடாவில் எங்கள் சபைக் குடும்பங்கள் அதிகம் இல்லை, ஏழெட்டுப் பேர்தான் வருவோம். பாய் விரித்து வட்டமாக இருந்து, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிப்போம். அதைச் சங்கிலி ஜெபம் என்போம். ஜெபிக்க விருப்பம் இல்லாதவர் பக்கத்து ஆளின் கையை ஒரு தரம் அமுக்கினால் போதும், முறை அவருக்குப் போய்விடும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இதையே பழக்கியிருக்கிறோம்.

நான் இருபது வருடமாகக் கையை அமுக்கியே காலம் கடத்தியவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் மற்றவர்களைப் போல வேத வசனம் எடுத்து அடுக்கி ஜெபிக்க எனக்கு வராது. என் பக்கத்தில் எப்போதும் இருப்பவர் பென்சன் எடுத்த ஒரு நர்ஸ். "இவட கை மட்டும்தான் ஜெபிக்கும், வாய் ஞானஸ்நானம் எடுக்கல்ல" என்று அவர் சொல்ல எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் கொஞ்சம் குத்தும்.

என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி வீடு கட்டும் மேசன் ஒருவரும் அவர் மகளும் இருந்தார்கள். மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். மேசன் முன்பு மோசமாகக் குடித்தவர். பிறகு எங்கள் சபைக்கு வந்து, குடியை விட்டு, பீடத்துக்கு முன்னால் நின்று அழுது சாட்சி சொன்னார். அன்று அழாதவர்கள் குறைவு. அதற்குப் பிறகு எந்த உயிர்மீட்சிக் கூட்டம் வந்தாலும் சாட்சிக்கு அவரைத்தான் நிறுத்துவார்கள். சபைக்கு அவர் ஒரு பெருமை.

மகளுக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே என் குசினிக்கு வருவாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். பலகைக்கட்டையில் இருந்து, இன்னொரு கட்டையில் கொப்பியை வைத்துக் கணக்குச் செய்வாள். முதலில் வீட்டில் தனிமை என்பதால் வருகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரமாகியும் அவள் எழும்பவில்லை.

"அப்பா தேடமாட்டாரா மகள்?" என்று கேட்டேன்.

"அவர் இப்ப வீட்டில இரிக்காரு மாமி. அதாலதான் போகல்ல."

மெல்ல மெல்லச் சொன்னாள். தகப்பன் திரும்பக் குடிக்கத் தொடங்கி நாலு மாதம். வேலைத்தலத்திலிருந்து வரும்போதே குடித்துவிட்டு வருகிறார். சட்டி பானையை எறிகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுகி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக் கோவிலுக்கு வருகிறார்.

"ஆரிட்டயும் சொல்லாதீங்க மாமி. சபை ஆக்கள் அறிஞ்சா வெக்கத்தில இன்னும் குடிப்பாரு. மறுகா நான் இஞ்ச வரவும் ஏலாமப் போயிரும்."

"சொல்லமாட்டன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை நர்ஸ் வீட்டில் கூட்டம். என் முறை வந்ததும் வழக்கம்போல அமுக்கப் போனேன். அப்போது அந்தப் பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்தது. மனுசரிடம் சொல்லாதே என்றுதானே சொன்னாள், ஆண்டவரிடம் சொன்னால் அது சொன்னதாகுமா என்று நினைத்தேன். கண்ணை மூடியிருந்ததால் அறையில் ஏழு பேர் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆண்டவரே, தாய் பக்கத்தில இல்லாத ஒரு பிள்ளை இரிக்கு. தகப்பன் உமக்கு முன்னால நிண்டு சாட்சி சொன்னவர், இப்ப திரும்பக் குடிக்கிறார். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகப் பயந்து என்ட குசினியில இரிக்குது. அதக் காப்பாத்தும்."

நாலு பக்கத்திலிருந்தும் "ஆமென், ஆமென்" என்று சத்தம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. இருபது வருடத்தில் முதல் தரம் என் சொல்லுக்கு ஆமென் கிடைத்தது.

ஜெபம் முடிந்து தேத்தண்ணியும் பணிசும் வந்தன. நர்ஸ் என் காதோடு குனிந்தார்.

"ஆரு அக்கா அது? நம்மட மேசன்ட மகளா?"

நான் பணிசைப் பிட்டு வாயில் போட்டேன்.

"நாங்க ஜெபிக்கத்தானே கேக்கிறம். பெயர் தெரிஞ்சாத்தானே குறிச்சு ஜெபிக்கலாம்."

நான் குடித்து முடிக்காமலே கோப்பையை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன். அது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

அந்த ஞாயிறு வேதம் வாசிக்க வேண்டியவர் மேசன். வேறு ஆளை வாசிக்க விட்டார்கள். ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், தலையில் கை வைத்து ஜெபித்து, தைரியம் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவரும் வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டு அனுப்பினாராம்.

திங்கட்கிழமை பின்னேரம் பிள்ளை வந்தாள். கையில் ஒரு சாக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாக்கை அடுப்படியில் வைத்தாள். உள்ளே அவளுடைய புத்தகங்களும் கொப்பிகளும். கமிட்டி ஆட்கள் படலையைத் தாண்டியதும் தகப்பன் எல்லாவற்றையும் அள்ளிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். அவள் விடிந்த பிறகு வாளி விட்டு ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள்.

"அங்க காயப்போட ஏலா. கண்டா திரும்பவும் போட்டிருவாரு."

"நான் ஆண்டவரிட்டத்தான் புள்ள சொன்னன்" என்றேன்.

"நான் உங்களிட்டத்தான் சொன்னன் மாமி."

தேத்தண்ணி ஊற்றினேன். குடிக்காமல் போய்விட்டாள்.

அதன் பிறகு பத்து நாளுக்கு மேல் அவள் வரவில்லை. கோவிலுக்கும் வரவில்லை. நான் புத்தகங்களைக் காயவைத்தேன். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு ஒட்டிக்கொள்கிறது. அதனால் ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய பேப்பர் வைத்து, பாரத்துக்கு அம்மிக் குழவியை ஏற்றி, மறுநாள் பேப்பரை மாற்றினேன். அவளுடைய மையெழுத்து நீலமாகக் கரைந்து போயிருந்தது. விஞ்ஞானக் கொப்பியில் பாதி வாசிக்கவே ஏலாது. பென்சிலால் போட்ட கணக்குகள் மட்டும் அப்படியே இருந்தன.

இரண்டாம் புதன் கூட்டத்துக்குப் போனேன். போகாமல் விட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள். தொடங்கும் முன்பே போதகரின் மனைவி கேட்டார்.

"அந்தப் பிள்ளைட காரியம் எப்பிடி அக்கா? உங்களுக்குத்தானே தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அத நான் சொல்லமாட்டன் அம்மா. முதல் சொன்னதே பிழை."

"ஜெபத்தில சொன்னது எப்பிடிப் பிழையாகும்?" என்றார் நர்ஸ்.

"அவளிட்டக் கேக்காமச் சொன்னது பிழை."

கை கோர்த்து ஜெபம் தொடங்கினோம். என் முறை வந்தது. கையை அமுக்கினேன். நர்ஸ் இந்தத் தரம் பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். புத்தகம் எடுக்க வந்தேன் என்றாள். இடது மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டுச் சட்டைக் கையை இழுத்து மூடினாள்.

"புதன்கிழமை நீங்க சொல்லமாட்டன் எண்டீங்களாம். நர்ஸ் அன்ரிட பேத்தி வகுப்பில சொன்னவள்."

"ஓம்."

"இதையும் சொல்லாதீங்க."

இந்தத் தரம் எனக்கு 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே சொன்னால் அவள் திரும்பவும் போய்விடுவாள். சொல்லாமல் விட்டால் நாளைக்கு மணிக்கட்டோடு நிற்காது. அடுப்பில் கொதித்த தண்ணீரை இறக்கி வைத்தேன்.

"மகள், சொல்லாம இரிக்க ஏலா. ஆனா ஆரிட்டச் சொல்லலாம் எண்டு நீதான் சொல்லவேணும். போதகரிட்டயா?"

தலையை ஆட்டி மறுத்தாள்.

"பள்ளிக்கூடத்து ரீச்சரிட்ட?"

அதற்கும் இல்லை. நான் வேறு யாரையும் சொல்லாமல் காத்திருந்தேன். கொப்பியைத் திறந்து மூடினாள்.

"பழுகாமத்தில சித்தி இரிக்கா" என்றாள் கடைசியில்.

சித்தி என்பது தாயின் தங்கை. அவர்கள் அம்மன் கோயில் ஆட்கள். அக்கா குடும்பம் சபைக்கு மாறிய பிறகு போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த வீட்டுக்கா என்று என் மனது ஒரு கணம் பின்வாங்கியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

களுவாஞ்சிக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து போக இன்னொரு பஸ். பாலத்தில் வாவிக் காற்று அடித்தபோது புத்தகச் சாக்கை இறுக்கிப் பிடித்தாள்.

நாங்கள் போனபோது சித்தி வட்டையில் வேலை முடித்து வந்து, வாளித் தண்ணீரில் காலில் ஒட்டிய வயல் சேற்றைக் கழுவிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் வாளியை விட்டார்.

"என்னகா இது? கையில என்ன? இவ ஆரு?"

பிள்ளை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தாள். சித்தி என்னைப் பார்த்தார். பிள்ளையை முந்திக்கொள்ளக் கூடாது என்று நான் காத்துநின்றேன்.

அப்போது அவள் என் கையைப் பிடித்து ஒரு தரம் அமுக்கினாள்.

நான் சொன்னேன். வசனம் ஒன்றும் இல்லை, அழகான சொல்லும் இல்லை. நாலு மாதத்தையும் கிணற்றையும் மணிக்கட்டையும் சொன்னேன். என்னுடைய புதன்கிழமையையும் சேர்த்துச் சொன்னேன். சித்தி கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "உள்ளுக்கு வாங்க" என்றார். அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளை இப்போது அங்கிருந்துதான் படிக்கிறாள். சபைக்கு வருவதில்லை. வருவாளா என்று என்னிடம் கேட்கிறார்கள், எனக்குத் தெரியாது. என் குசினியில் அவளுடைய கட்டையை நான் எடுத்து வைக்கவில்லை.

மேசன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து போய்விடுகிறார். சில நாட்களில் அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கியிருக்கும். அவருக்காகவும் யாராவது ஜெபிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை என் முறை வரும்போது அவருடைய முகமும் கண்ணுக்குள் வருகிறது. ஆனால் ஜெபிக்கட்டுமா என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரும்வரைக்கும் நர்ஸின் கையை அமுக்கிவிடுகிறேன்.