புதுவேட்டி போர்த்திய ஜோடி

என் கணவருக்கு மலைப்பாம்பு என்றால் உயிர். பந்து போல் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு இனம். முறைப்படி பதிவு செய்து வளர்க்கிறார். ஆணும் பெண்ணும் என்று விற்றவர் சொன்னதை நம்பி இரண்டு வாங்கினார். செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியறையில் தனித்தனிப் பெட்டிகளில் இருந்தன. எங்கள் மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்து, அந்த அறையைப் பூட்டுவதும், பூட்டினேனா என்று பார்க்க மறுபடி மாடியேறுவதும் என் வேலை.

குளிர்காலத்தில்தான் இவை இணை சேருமாம். அந்த மார்கழியில் அவருக்குச் சென்னையில் வேலை வந்துவிட்டது.

"ஆண எடுத்து பொண்ணு பெட்டியில விடு, அவ்ளோதான். டென்ஷன் ஆகாத" என்றார் போனில்.

"வீட்டோட மாப்பிள்ளையா?" என்று மாமியார் சிரித்தார்.

விட்டேன். சற்று நேரத்தில் இரண்டும் முறுக்கிய கயிறு போல் பின்னிக்கொண்டன. மாமியார் பீரோவிலிருந்து பிரிக்காத வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் போர்த்தினார். பாம்பு பிணைவதைக் கண்டால் புதுத்துணி போர்த்தி, பிறகு அதைப் பத்திரப்படுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு நல்லதாம்.

நான் வேட்டியின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒன்று மற்றதன் தலையைக் கீழே அழுத்தியது. அது திமிறி எழுந்து இதன் தலையை அழுத்தியது. என் மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே சைக்கிளுக்கு மல்லுக்கட்டுவது போலிருந்தது.

"அத்தை, இது சண்டை மாதிரி இருக்குது."

"புருஷன் பொண்டாட்டி சண்ட போடாமயா இருப்பாங்க? நீங்க போடல?"

"நாங்க தலைய புடிச்சு அமுக்கறதில்ல."

"இன்னாமோ போ. அவன கேட்டாதான் தெரியும்."

கணவருக்கு வீடியோ அனுப்பினேன். "சூப்பர்! அப்படியே விடு" என்று பதில் வந்தது. படித்தவர், தெரிந்தவர் அவர். எனக்கென்ன தெரியும்? குழந்தைக்குச் சோறூட்டிவிட்டு மறுபடி ஏறினேன். ஒன்றின் கழுத்தருகே செதில் உரிந்து சிவந்திருந்தது. பாம்பைத் தூக்கும் கொக்கியை எடுத்தேன்.

"பிணையற பாம்ப பிரிச்சா பாவம்மா! குழந்த இருக்கற வீடு!" என்று மாமியார் தடுத்தார்.

கை நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் முடியவில்லை. பிரித்துத் தனித்தனியே விட்டேன். அன்று சாயங்காலம் வரை மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டையும் புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் காயத்தைப் பார்த்துவிட்டு, ஆணா பெண்ணா என்று அறிய வாலடியில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டுமே ஆம்பளைங்க. இந்த சீசன்ல ஒண்ணா விட்டா விடாம மல்லுக்கட்டும். நல்லவேளை, பிரிச்சிட்டீங்க."

திரும்பும் வழியில் திண்டிவனத்தைத் தாண்டினோம். கணவர், "அப்ப பொண்ணு ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க. சேத்து விடும்போது நான் பக்கத்துல இருப்பேன். பிரிக்கணும்னு நான் சொன்னா பிரிக்கணும்."

"சரி."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது என்னை உறுத்தியது.

"நெஜமாதான் சொல்றீங்களா?"

"சரின்னுதானம்மா சொன்னேன்!"