இதுக்கு ஓடி வருவியா?

போன வாரம் என் மகன் ஆன்லைனில் ஒரு டூல் கிட் வாங்கினான். ஃபேன் ரெகுலேட்டரை அவனே மாற்றப் போகிறானாம். ஈஜிபுராவில் எங்கள் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்த டெலிவரிக்காரர், டப்பாவை நீட்டி ஓடிபி கேட்டார். “தண்ணி குடிக்கிறீங்களாப்பா?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். டப்பாவைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. அவ்வளவுதான், எனக்கு மறுபடி இருபத்திரண்டு வயசு.

அப்போது காக்ஸ் டவுன் பக்கம் ஒரு எலக்ட்ரிகல் கடையில் கவுண்டரில் நின்றேன். வீடு ஜீவனஹள்ளியில், நடந்தே போய்விடுவேன். சேர்ந்த புதிதில் கட்டிங் பிளேயருக்கும் நோஸ் பிளேயருக்கும் வித்தியாசம் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் இரண்டையும் எடுத்து வைப்பேன். எதைப் பார்த்து அவர்கள் முகம் மலர்கிறதோ, அதற்குப் பில் போடுவேன். அப்படிப்பட்ட மேதாவி நான்.

வயர்மேன்கள் சாமான் எடுப்பதைப் பார்க்க வேண்டுமே! என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பிளேயரின் வாயை மூடி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார்கள். வெட்டுகிற இடத்தில் வெளிச்சம் கசிந்தால் போச்சு, கீழே வைத்துவிடுவார்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிசுத் தாளை வெட்டிப் பார்ப்பார்கள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடியை இறுக்கிப் பார்ப்பார் ஒருவர், வேர்த்தால் வழுக்குமா என்று. அவர்தான் முனிரத்தினம் அண்ணன். தொம்மலூர்க்காரர். ஒரு பிளேயர் வாங்க எட்டுப் பெட்டியைப் பிரிக்க வைப்பார். அவர் தலை தெரிந்தாலே எனக்குப் பேஜாரு.

டெஸ்டருக்கு மட்டும் எங்கள் கடையில் ஒரு சட்டம் இருந்தது. ப்ளக்கில் வைத்து எரியவிட்டுக் காட்டாமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. டெஸ்டர் உங்களுக்குத் தெரியும், ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும். முனையை வயரில் வைத்து மண்டையில் விரல் வைத்தால் உள்ளே இருக்கிற குட்டி பல்பு எரியும். எரியாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார்கள். டெஸ்டரே செத்திருந்தால்? அதற்குத்தான் அந்தச் சட்டம்.

ஒருநாள் காலையில் முனிரத்தினம் அண்ணன் டெஸ்டர் கேட்டார். அன்றைக்கென்று பார்த்து கரண்ட் கட். ஓனர் வேறு வெளியே போயிருந்தார். கடையில் கூட்டம், எனக்கோ சிடுசிடுப்பு.

“அப்புறமா வர்றேன் தங்கச்சி, செக் பண்ணி எடுத்து வை.”

“சும்மனே பேஜார் பண்ணாதீங்கண்ணா. புது சாமான், நல்ல சாமான். நான் சொல்றேன்ல?”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் கட்டுகிற புது வீட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார்.

கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. அடுத்து ஒருவர் டெஸ்டர் கேட்டார். அதே பெட்டியிலிருந்து எடுத்து ப்ளக்கில் வைத்தேன். எரியவில்லை. இன்னொன்று. எரியவில்லை. மூன்றாவதும் எரியவில்லை.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு வார் அறுந்தது, அதையும் விட்டுவிட்டு ஓடினேன். ‘நான் சொல்றேன்ல’ என்று என் வாய்தானே சொன்னது! அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவரோடு கடைக்கு வந்து சாக்லேட் கேட்டு அடம்பிடித்த முகங்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

புது வீட்டில் அண்ணன் ஏணி மேலே நின்றிருந்தார். கை ஸ்விட்ச் போர்டுக்குள்.

“அண்ணா! தொடாதீங்க! டெஸ்டர் சரியில்ல!”

அவர் நிதானமாகத் திரும்பினார். “தெரியும்.”

“தெரியுமா?”

“புது டெஸ்டரை, எரியிற லைட்டோட பாயிண்ட்ல வெச்சுப் பாக்காம எவனாச்சும் கை வெப்பானா? உன் டெஸ்டர் எரியல. பழசைத்தான் வெச்சிருக்கேன். மெயினும் ஆஃப்ல இருக்கு.” அப்புறம் என் வெறுங்காலைப் பார்த்தார். “இதுக்கா ஓடி வந்தே?”

மணல் குவியல் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏணியிலிருந்து இறங்கி வந்து, பையில் வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார். அழுதுகொண்டே தின்றேன், வெட்கமில்லாமல்.

கடையைத் திறந்து போட்டதற்கு ஓனர் விட்ட டோஸ் தனிக்கதை. அந்தப் பெட்டி வந்த இடத்துக்கே திரும்பிப் போனது.

அதன் பிறகு முனிரத்தினம் அண்ணன் எட்டுப் பெட்டி பிரிக்கச் சொல்லவில்லை. எதை எடுத்து வைத்தாலும் ஒரே கேள்விதான்: “இதுக்கு ஓடி வருவியா?” நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாளை வெட்டிப் பார்த்து, கையை நனைத்துப் பிடித்துப் பார்த்து, “இதுக்கு வரமாட்டேண்ணா” என்பேன். எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளில் மற்ற வயர்மேன்களும் பிடித்துக்கொண்டார்கள். “அக்கா, நீங்க ஓடி வராத சாமானா குடுங்க.” எந்த சர்டிபிகேட்டும் எனக்கு அவ்வளவு பெருமை தந்ததில்லை.

கடை இப்போது இல்லை. அண்ணனும் இல்லை. கடைசிவரை கரண்ட் அவரைத் தொடவில்லை, சர்க்கரைதான் கொண்டுபோனது.

புது கிட்டிலிருந்த டெஸ்டரை எடுத்துக்கொண்டு சமையலறை ப்ளக்குக்குப் போனேன். மகன் சிரித்தான். “எதுக்கும்மா? சரியில்லன்னா ரிட்டர்ன் பண்ணிடலாம். பத்து நாள் டைம் இருக்கு.”

அன்றைக்கு எனக்கு இருந்தது மூன்று தெரு தூரம்தான்.

வைத்துப் பார்த்தேன். எரிந்தது, பளிச்சென்று. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். கீழே தெருவில் எட்டிப் பார்த்தேன். கொண்டுவந்தவர் எப்போதோ போய்விட்டார். எரியாமல் போயிருந்தால் செருப்பில்லாமல் ஓடி வர யார் இருக்கிறார்கள் என்று அந்த அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பேரும் இல்லை.